கச்சானுக்கு நட்டஈடு

காற்றைப் பற்றி எனக்கு எந்த அபிப்பிராயமும் இருந்ததில்லை. வெள்ளவத்தையில் கடற்கரையோரப் பிளாட்டில் இருக்கிறவளுக்குக் காற்று என்பது கொடியில் போட்ட உடுப்பைக் கீழ்வீட்டு யன்னலில் கொண்டுபோய்ப் போடுகிற தொல்லை, கம்பியெல்லாம் கறள் பிடிக்க வைக்கிற உப்பு, அவ்வளவுதான். அதை முதலில் நாட்டுப் பிரச்சினையாகவும் பிறகு வீட்டுப் பிரச்சினையாகவும் ஆக்கிவிட்டது என் கணவரின் நெஞ்சு.

இவருக்கு நுரையீரல் சுருங்கிப் போய்விட்டது. கொச்சிக்கடைப் பக்கம் துறைமுகப் பண்டகசாலை ஒன்றில் ஓய்வு பெறும்வரை கிளார்க்காக இருந்தவர். சிகரெட் தொட்டதில்லை. "பிறகு எப்படி டொக்டர்?" என்று கேட்டேன். "சிலருக்கு வரும்" என்றார் டொக்டர். இவ்வளவு படித்த மனிசன் சொல்கிற பதிலா அது? அன்றிலிருந்து கட்டிலின் தலைமாட்டில் ஒரு ஒட்சிசன் மிசின் நிற்கிறது. அறையில் இருக்கிற காற்றையே இழுத்து, அதில் வேண்டியதை மட்டும் பிரித்து, மெல்லிய குழாய் ஒன்றால் மூக்குக்குக் கொடுக்கும். கரண்ட் இருந்தால் கொடுக்கும். கரண்ட் போனால் கூவென்று கத்தும். நான் அடுப்பை விட்டுவிட்டு ஓடி, மூலையில் நிற்கிற சிலிண்டரைத் திறந்து, குழாயை அதற்கு மாற்ற வேண்டும். சிலிண்டரும் தீர்ந்தால் என்ன செய்வது என்பதை நாங்கள் இருவரும் கதைப்பதில்லை.

நாட்டில் டொலர் தீர்ந்து, எண்ணெய்க் கப்பல் துறைமுகத்துக்கு வெளியே காசுக்காகக் காத்துக்கொண்டு நின்ற காலத்தில் மின்வெட்டுக்காக ஊரைப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஆங்கில எழுத்து ஒன்று கொடுத்தார்கள். விடிந்ததும் என் முதல் வேலை, எங்கள் எழுத்துக்கு எப்போது இருட்டு என்று போனில் பார்ப்பது. சாமி கும்பிடுவது அதற்குப் பிறகுதான். அந்தக் காலம் போய்விட்டது என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். எனக்குப் போகவில்லை. பக்கத்து வீட்டில் கிரைண்டர் நின்றாலே என் கை சிலிண்டரைத் தேடும்.

இவர் மன்னாரில் பிறந்தவர். படுத்த படுக்கையில் இருந்துகொண்டே காற்றாலைக் கட்சியில் சேர்ந்துவிட்டார். வாழ்நாள் முழுக்கக் கப்பலைப் பார்த்துக் கழித்த மனிசன் அல்லவா, கப்பலில் அவருக்கு நம்பிக்கையே இல்லை. "நிலக்கரிக்குக் கப்பல் வேணும், டீசலுக்குக் கப்பல் வேணும், காத்துக்கு என்ன வேணும்? எங்கட ஊருக்கு அது சும்மா வருது" என்பார். புகை இல்லை, சாம்பல் இல்லை, வெளிநாட்டுக்காரனிடம் கை நீட்டத் தேவையில்லை. பேசப் பேச மூச்சு வாங்கும். நிறுத்தி, குழாயைச் சரிசெய்து, மறுபடி தொடங்குவார். நான் பருப்புக்குத் தாளித்துக்கொண்டே "ஓம் ஓம்" என்பேன். கேட்காமல் சொல்கிற ஓம் அல்ல. எனக்கும் அது பிடித்திருந்தது. காற்றிலிருந்து கரண்ட், கரண்டிலிருந்து இவருக்கு மூச்சு. இதில் பிழை பிடிக்க என்ன இருக்கிறது?

இருந்தது. மன்னாரிலிருந்து இவருடைய தம்பி போன் எடுத்துச் சொன்னார்.

தம்பிதான் அங்கே தகப்பனின் வீட்டில் இருந்து கடல் தொழில் செய்தவர். அந்தக் கரையில் ஏற்கெனவே வரிசையாகக் காற்றாலைகள் நின்றன. இன்னும் கொஞ்சம் போடப் போகிறார்கள், அதில் ஒன்று சரியாக வள்ளங்களை ஏற்றி வைக்கிற இடத்தில் வருகிறது என்றார். தூண் மட்டும் அல்ல, அதற்குப் பாரிய லொறிகள் போக ஒரு றோட்டும் வருமாம். மணல்மேட்டுக்கு நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது. கச்சான் காற்று தொடங்கினால் கடல் கரையில் எதையும் விட்டுவைக்காது. வள்ளங்களை அந்தப் பள்ளத்தால் இழுத்து மேட்டுக்குப் பின்னால் வைத்தால்தான் தப்பும். வேறு இடமில்லை.

"முழுக்க வேண்டாமெண்டு நான் சொல்லேல்ல அண்ணி. அந்த ஒண்டை மட்டும் கொஞ்சம் தள்ளிப் போடட்டும். அதுதான் கேக்கிறன்" என்றார்.

இவர் போனை வாங்கி, "அரசாங்கம் உனக்காக வரைபடத்தை மாத்துமோ? காத்து எங்க நல்லா அடிக்குதோ அங்கதான் வைப்பாங்கள்" என்று கத்தப்போய், இருமல் வந்து போனை என்னிடமே தந்துவிட்டார். அண்ணன் தம்பிக்குள் பேச்சு அறுந்தது. எனக்கு மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி. தம்பி கேட்பது நியாயம். இவருக்கு வேண்டியதும் நியாயம். இரண்டு நியாயத்தை வைத்துக்கொண்டு ஒருத்தி என்ன செய்ய?

கொஞ்ச நாளில் கொழும்பில் ஒரு கலந்துரையாடல் வைத்தார்கள். கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபம். அதிகாரிகள் வருவார்கள், மன்னார் ஆட்களும் வந்து தங்கள் குறையைச் சொல்லலாம். தங்கள் கரைக்காகப் பேச ஊரவர் தம்பியைத்தான் தெரிவு செய்திருந்தார்கள். முதல் நாளே பஸ்ஸில் வந்து இறங்கி, கொச்சிக்கடை அந்தோனியாரிடம் மெழுகுதிரி கொளுத்திவிட்டு, பின்னேரம்தான் எங்கள் பிளாட்டுக்கு வந்தார். கையில் கருவாட்டுப் பார்சல். லிப்டில் வந்த எல்லோரும் மூக்கைச் சுளித்திருப்பார்கள்.

அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்திருந்தார். தம்பி கட்டிலடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு, "எப்பிடி அண்ணன் இருக்கிறீங்க?" என்றார். "இருக்கிறன்" என்றார் இவர். நான் தேத்தண்ணி ஊற்றப் போனேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. திட்டமிட்ட வெட்டு இல்லை, எங்கோ ஏதோ பழுது. மிசின் கூவத் தொடங்கியது. நான் ஓடி வருவதற்குள் இவர் எழும்பி உட்கார்ந்து இரண்டு கையையும் மெத்தையில் ஊன்றி வாயைத் திறந்துகொண்டிருந்தார். அன்றைக்கென்று சிலிண்டரின் திருகு இறுகிப் போயிருந்தது. என் கைக்குத் திரும்பவில்லை. தம்பிதான் பாய்ந்து வந்து திருகினார். குழாயை மாற்றி, இவருடைய உதட்டில் நிறம் வரும்வரை நாங்கள் இருவரும் மூச்சு விடாமல் நின்றோம்.

தம்பிக்கு அண்ணனின் நெஞ்சு வருத்தம் தெரியும், போனில் சொல்லியிருக்கிறேன். ஆனால் பார்த்ததில்லை. கடலில் எத்தனையோ பார்த்த மனிசன், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒவ்வொருக்காவும் இப்பிடியோ அண்ணி?"

"ஒவ்வொருக்காவும்" என்றேன்.

அடுத்த நாள் இவருக்குத் துணையாகப் பக்கத்து வீட்டுப் பெண்ணை இருக்கச் சொல்லிவிட்டு, தம்பியோடு நானும் கொட்டாஞ்சேனைக்குப் போனேன். மண்டபச் சுவரில் பெரிய பதாகை. வெள்ளைத் தூண்கள், நீல வானம், கீழே தமிழில் "காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்". எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தூற்றுகிறவன் தன் நெல்லைத் தன் களத்தில் தூற்றுவான். அடுத்தவன் முற்றத்தில் போய்த் தூற்றச் சொல்லி எந்தப் பழமொழியும் சொல்லவில்லை. ஆனாலும் படத்தில் அந்தத் தூண்கள் அழகாகத்தான் இருந்தன. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மேடையில் இருந்த அதிகாரிகளில் பெரியவர் சிங்களத்தில் பேசினார். நல்ல மனிசர், குரலில் அதட்டல் இல்லை. மழை பெய்யாவிட்டால் நீர்த்தேக்கம் வற்றுகிறது, எரிபொருளுக்குக் கொடுத்தே நாடு வற்றுகிறது, நமக்கென்று இருப்பது வெயிலும் காற்றும்தான் என்றார். என் கணவர் படுக்கையிலிருந்து சொல்வதையே அவர் மைக்கில் சொன்னார். தலையாட்டக் கூடாது என்று நினைத்துக்கொண்டே தலையாட்டினேன். பக்கத்தில் தம்பி ஒரு சொல்லும் விளங்காமல், முழங்காலில் கையை வைத்துக்கொண்டு தன் முறைக்காகக் காத்திருந்தார்.

மொழிபெயர்ப்புக்கு ஒரு பெண்பிள்ளை. கொட்டாஞ்சேனைப் பிள்ளை, சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. தமிழும் நன்றாகத்தான் கதைத்தது, எங்கள் கொழும்புத் தமிழ்.

தம்பி எழும்பினார். பஸ்ஸில் வரும்போதே மனப்பாடம் செய்து வைத்திருந்ததெல்லாம் மைக்கைக் கண்டதும் போய்விட்டது. சுருக்கமாகச் சொன்னார்: "ஐயா, கச்சானுக்கு எங்களுக்கு உந்த இடத்தை விட்டா வேற இடமில்லை. உதுவும் போனா நாங்க எங்க போறது?"

இந்த இடத்தில் நான் ஒன்று சொல்ல வேண்டும். கல்யாணம் கட்டி மன்னாருக்குப் போகும்வரை எனக்கும் கச்சான் என்றால் காலிமுகத்திடலில் கடதாசிச் சரையில் சுற்றித் தருகிற நிலக்கடலைதான். அது ஒரு காற்றின் பெயர், அந்தக் காற்றுக்கு ஒரு காலம் இருக்கிறது, அந்தக் காலத்தையும் கச்சான் என்றே சொல்வார்கள் என்பதெல்லாம் மாமியார் வீட்டில் எல்லோரும் சிரிக்கச் சிரிக்கப் படித்த பாடம். கொழும்பில் பிறந்த பிள்ளைக்கு அதை யார் சொல்லிக் கொடுத்தார்கள்?

பிள்ளை மைக்கைப் பிடித்து, "ரட்டகஜு" என்றது. கடலைக்கு அந்த இடத்தை விட்டால் தங்களுக்கு வேறு இடமில்லை என்கிறார் என்று சிங்களத்தில் அழகாகச் சொன்னது.

பெரியவர் உடனே முன்னால் குனிந்தார். ஏழை விவசாயி ஒருவரின் குறை அவர் மனதைத் தொட்டுவிட்டது. பயிருக்கு நட்டஈடு நிச்சயம் உண்டு என்றார். பிள்ளை திரும்பிச் சொன்னது: "ஐயா, ஒங்கட கச்சானுக்கு நட்டஈடு குடுப்பாங்களாம்."

தம்பியின் முகத்தை நான் பார்த்தேன். கச்சான் அடிக்கிற மாதங்களில் தொழில் படுத்துவிடும், அடுப்பு எரிவதே கஷ்டம். அதற்கு நட்டஈடு தருகிறோம் என்று அவருடைய வாழ்நாளில் எந்த அரசாங்கமும் சொன்னதில்லை. நம்ப முடியாமல், "கச்சான் முழுக்கவுமோ? வருசா வருசமோ?" என்று கேட்டார்.

கேள்வி மேடைக்குப் போய்ப் பதில் வந்தது. "ஓமாம். எத்தன ஏக்கர்னு கேக்கிறாங்க."

"ஏக்கரோ?" தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தார். "கச்சானுக்கு ஏக்கர்க் கணக்கோ அண்ணி?"

பின்வரிசையில் இருந்த மன்னார் ஆட்களுக்கு விசயம் பிடிபட்டுவிட்டது. யாரோ ஒருவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எழும்பி நின்றேன். "ரட்டகஜு நெவெய் மாத்தயா, ஹுலங்க" என்று சத்தமாகவே சொன்னேன். கடலை இல்லை ஐயா, காற்று. கச்சான் என்பது இவர்களின் பகுதியில் ஒரு காற்று, அந்தக் காலத்தில் அது பேய் மாதிரி அடிக்கும், அதனால்தான் இவருக்கு அந்த இடம் வேண்டும் என்று எனக்குத் தெரிந்த சிங்களம் முழுவதையும் கொட்டினேன். நானே எனக்குள் கொஞ்சம் பெருமைப்பட்டும் போனேன்.

பெரியவர் கவனமாகக் கேட்டார். "ஹுலங்க" என்று சொல்லி, நெற்றியில் தட்டிக்கொண்டு சிரித்தார். மேடை முழுக்கச் சிரித்தது. பிறகு பக்கத்திலிருந்த பொறியியலாளரைப் பார்த்து, தம்பியைக் கையால் காட்டி, மிகவும் மரியாதையாகச் சொன்னார். எங்கள் கருவிகள் அளந்து சொன்னதையே இந்த ஐயாவும் சொல்கிறார். அந்த இடத்தில் காற்று அப்படி அடிக்கிறது. அந்த இடத்தை நாங்கள் தெரிவு செய்ததற்கும் அதுதான் காரணம்.

அதை மட்டும் அந்தப் பிள்ளை ஒரு எழுத்துப் பிசகாமல் மொழிபெயர்த்தது.

தம்பி "அதில்லை ஐயா, நான் சொல்ல வந்தது..." என்று தொடங்கினார். மைக் அடுத்தவரின் கைக்குப் போய்விட்டது. நான் மறுபடி எழும்பினேன். ஒருவருக்கு ஒருமுறைதான் என்று சைகை காட்டி இருத்திவிட்டார்கள். வள்ளம் என்ற சொல்லே அந்த மண்டபத்தில் வரவில்லை. கூட்டம் முடிந்து தேத்தண்ணியும் பனிசும் தந்தார்கள். பிள்ளை என்னிடம் ஓடி வந்து, "அன்ட்டி, சொரி அன்ட்டி, எனக்கு உண்மையா தெரியா" என்றது, கண் கலங்கி. அதைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. திட்டுவதற்கென்றே ஒருவர் அங்கே இருந்திருந்தால் எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும். ஒருவரும் இல்லை.

ஊருக்குப் போகுமுன் தம்பி அண்ணனின் கட்டிலடியில் கொஞ்ச நேரம் மிசினைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அது சீராக ஓடிக்கொண்டிருந்தது. நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

அடுத்த மாதம் லொறிகள் வரத் தொடங்கின. ஊரவர் பாதிரியாரோடு சேர்ந்து றோட்டில் குந்தினார்கள். பெண்கள், பிள்ளைகள், வயதுபோனவர்கள் எல்லோரும். போனில் வந்த வீடியோவை இவருக்குத் தெரியாமல் குசினிக்குள் வைத்துப் பார்த்தேன். முன்வரிசையில் தம்பியைத் தேடினேன். பின்வரிசையிலும் தேடினேன். ஊர் தெரிவு செய்து அனுப்பிய ஆள் அங்கே இல்லை. போன் எடுத்துக் கேட்டேன்.

"உடம்புக்குக் கொஞ்சம் சரியில்லை அண்ணி" என்றார்.

கொழும்பில் காசு வாங்கிவிட்டார் என்று ஊரில் சிலர் கதை கட்டினார்கள். நரம்பில்லாத நாக்கு எதையும் பேசும். தம்பி ஒரு சொல் மறுத்துப் பேசவில்லை. நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. றோட்டில் குந்தியவர்களை ஒருநாள் விலக்கினார்கள், லொறிகள் உள்ளே போயின, மணல்மேட்டுப் பள்ளத்தை நிரவி றோட்டுப் போட்டார்கள், தூண் எழும்பியது. ஒரு ஆள் கூடக் குந்தியிருந்தால் லொறி திரும்பியிருக்குமா? இருக்காது. எனக்குத் தெரியும். ஊருக்கும் தெரியும். அப்படியிருந்தும் வராதவனை ஊர் மன்னிக்காது.

முதல் கச்சானில் தம்பியின் வள்ளம் கரையில் அடிபட்டு உடைந்தது. திருத்தினார். இரண்டாவது கச்சானுக்கு முன்பே இயந்திரத்தைக் கழற்றி விற்றுவிட்டுக் கொழும்புக்கு வந்தார். இப்போது வெள்ளவத்தையில் ஒரு பிளாட் கட்டடத்தில் காவலுக்கு நிற்கிறார். நீல நிறச் சட்டை, தொப்பி. எங்கள் வீட்டு முன்னறையில்தான் படுக்கை. அண்ணனுக்குக் குழாய் மாற்றுவது, சிலிண்டர் நிரப்பி வருவது எல்லாம் அவர்தான். சகோதரர்கள் மறுபடி பேசிக்கொள்கிறார்கள், மீனைப் பற்றி, வெயிலைப் பற்றி. காற்றைப் பற்றிப் பேசுவதில்லை.

போன சித்திரையில் வெக்கை தாங்க முடியவில்லை. ஊரெல்லாம் ஏசியும் பேனும் ஓடுகிற நேரம். மழை இல்லை, நீர்த்தேக்கத்தில் தண்ணீர் இல்லை, நிலக்கரி நிலையத்தில் ஏதோ பழுதாம். பின்னேரம் கரண்ட் போய்விட்டது. மிசின் கூவியது. தம்பி எழும்பிப்போய் நிதானமாகச் சிலிண்டரைத் திறந்து, குழாயை மாற்றி, அண்ணனின் தலையணையை உயர்த்தி வைத்தார். பழகிவிட்ட கை.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். வெக்கையில் எரிச்சல். "அவ்வளவு காத்தாலை நிக்குது, அதிலயிருந்து இந்த நேரத்துக்கு ஒண்டும் வராதோ?" என்று கேட்டுவிட்டேன்.

"சித்திரையில காத்து விழுந்திடும் அண்ணி" என்றார் தம்பி. "அது சும்மா நிக்கும். கச்சானுக்குத்தான் ஓடும்."

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். இவர் இத்தனை வருடம் படுக்கையிலிருந்து விளக்கியதில் இதுவும் இருந்ததுதான். காற்று கேட்ட நேரத்துக்கு வராது, அதனால்தான் மழையும் வெயிலும் நிலக்கரியும் எல்லாமும் வேண்டும், ஒன்றை மட்டும் நம்ப முடியாது என்று அவரே சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அவர் அதைச் சொல்லவில்லை. தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ ஏன் அண்டைக்கு றோட்டுக்குப் போகேல்ல?" என்றார்.

தம்பி குனிந்து சிலிண்டரின் முள்ளைப் பார்த்தார்.

"உன்னைத்தான் கேக்கிறன். உடம்பு சரியில்லையெண்டு பொய் சொல்லாத."

"உங்கட மிசின் கத்தினதைக் கேட்டிட்டுத்தானே போனனான்" என்றார் தம்பி. "பிறகு எப்பிடி அண்ணன் நான் அங்க போய்க் குந்திறது?"

இவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மூச்சு வரவில்லை. குழாயைப் பிடுங்கிவிட்டு எழும்பப் பார்த்தார். நான் தோளைப் பிடித்து அமர்த்தி, குழாயை மறுபடி மூக்கில் வைத்தேன். அவருடைய கண்ணிலிருந்து நீர் வடிந்து குழாயில் பட்டது. துடைக்கப் போன என் கையைத் தள்ளிவிட்டார். சிலிண்டர் மெல்லச் சீறிக்கொண்டிருந்தது.

தம்பி எழும்பிப் போய் அண்ணனுக்காக யன்னலை இன்னும் கொஞ்சம் அகலத் திறந்தார். காற்று வரவில்லை.